பெயரில் 'இறுதி' என்றிருந்தால் இறுதியாகிவிடுமா?

போன தவணை முன்னேற்ற அறிக்கை கொடுப்பதற்கு முதல் நாள் நடந்த விசயம் இது. பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறோம்.

தரம் 11 புள்ளிப் பட்டியல் எங்கள் கணினி அறையில் ஏழு பெயர்களில் கிடந்தது. 'இறுதி', 'இறுதி புதியது', 'இதுதான் இறுதி'... ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோப்புறைக்குள். ஒரு பிள்ளைக்குக் கணிதத்தில் ஒன்றில் 34, இன்னொன்றில் 43. 34 என்றால் டபிள்யூ, 43 என்றால் எஸ். எதை அச்சடிப்பது?

லினக்ஸ் கணினி என்பதால் கட்டளை வரியில் தேடினோம். 'எல்எஸ்' கட்டளையை நேரப்படி, உள்கோப்புறைகளோடு காட்டச் சொன்னால், அது ஒவ்வொரு கோப்புறையையும் தனித்தனியாகத்தான் அடுக்குகிறது. பிறகு 'ஃபைண்ட்' கட்டளையைக் கொடுத்தோம். அது எல்லாக் கோப்புறைக்குள்ளும் இறங்கி, கோப்பின் பெயரையும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் எடுத்து வந்தது. அந்த நேரம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிக் கணக்கு. அதை 'சோர்ட்' கட்டளைக்கு அனுப்பியதும் ஏழும் ஒரே வரிசையில் வந்தன.

ஆகப் புதியதாக நின்றது 34 உள்ள பட்டியல்! அச்சடிக்கவே போனோம். அப்போதுதான் வரிசையின் மறுமுனையைப் பார்த்தோம். 43 உள்ள கோப்பில் 2005 ஜனவரி 1 என்றிருந்தது. அன்று இந்தப் பிள்ளைகள் பிறக்கவேயில்லை!

மூலையிலுள்ள பழைய கணினியின் மதர்போர்ட் பற்றரி செத்துவிட்டது. நிறுத்திப் போடும்போதெல்லாம் திகதி பின்னுக்கு ஓடிவிடும். கணித சேர் அதில்தான் இலக்கம் இடம் மாறியதைத் திருத்தியிருக்கிறார். 34 உள்ளதோ, அன்று காலை எங்களில் ஒருவர் எடுத்த பிரதி. லினக்ஸில் 'சிபி' கட்டளையால் சும்மா பிரதி எடுத்தால், எடுத்த நேரமே மாற்றிய நேரமாகப் பதியும். கூடவே சிறிய 'பி' தெரிவையும் சேர்த்தால்தான் பழைய நேரம் அப்படியே இருக்கும்.

அலுமாரியைத் திறந்து விடைத்தாளை எடுத்துக் கூட்டினோம். 43.

இப்போது கோப்பின் பெயரிலேயே வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதி எழுதுகிறோம். பற்றரியும் மாற்றிவிட்டோம். பெற்றோரிடம் ஒன்றே ஒன்று: புள்ளியில் சந்தேகம் வந்தால் பிள்ளையை ஏசுவதற்கு முன் எங்களிடம் வந்து கேளுங்கள். பிழை எங்கள் பக்கமும் இருக்கலாம்.