மண்ணுக்குள் உறங்கும் தாழி... ஜார்ஜியாவின் 8,000 ஆண்டு ஒயின் ருசி!

ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசியில், நகரைப் பார்த்தபடி ஒரு குன்றின் மேல் நிற்கிறாள் 'ஜார்ஜியத் தாய்'. 1958-ல் நிறுவப்பட்ட 20 மீட்டர் உயரச் சிலை. வலக்கையில் வாள், இடக்கையில் ஒயின் கிண்ணம். பகைவனாக வருபவனுக்கு வாள், விருந்தாளியாக வருபவனுக்குக் கிண்ணம் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் விளக்கம்.

மருத்துவம் படிக்கப் போகும் இந்திய மாணவர்களால் நம் காதுக்குப் பழகிப்போன பெயர்தான் ஜார்ஜியா. ஆனால், உலகின் மிகப் பழைமையான ஒயின் தடயம் கிடைத்தது அந்த நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது. திபிலிசிக்குத் தெற்கே, கற்கால மக்கள் வாழ்ந்த மேடுகளில் கிடைத்த பானைத் துண்டுகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். பானையின் உட்புறத்தில் திராட்சை ஒயினின் எச்சம் ஊறியிருந்தது. காலம் ஏறக்குறைய கி.மு. 6000. அந்த ஆய்வு 2017-ல் வெளியானது.

அங்கே இன்றும் மண் தாழியில் ஒயின் ஊறுகிறது. அதைப் பார்க்கவும் ருசிக்கவும் பயணிகள் போகும் இடம், கிழக்கே இருக்கும் ககேதி.

குன்றின் மேல் ஒரு சிறு நகரம்

திபிலிசியிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் சிக்னாகி. 18-ம் நூற்றாண்டில் இரண்டாம் எரக்லி மன்னர் கட்டிய கோட்டைச் சுவர் இன்னும் ஊரைச் சுற்றி நிற்கிறது. சுவரோரம் நின்று கீழே பார்த்தால் அலசானி பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள். அதற்கு அப்பால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், பனி மூடிய காகசஸ் மலைத்தொடர்.

இங்கே பெரிய தொழிற்சாலைகளும் உண்டு. ஆனால், வீட்டோடு ஒட்டிய சின்னஞ்சிறு ஒயின் கூடங்களைத் தேடித்தான் பலர் வருகிறார்கள். இந்தக் கூடத்துக்கு உள்ளூர்ப் பெயர் 'மரானி'. சிக்னாகியில் புகழ்பெற்ற ஒன்று 'ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்'. இந்த ஊரில் குடியேறிய அமெரிக்க ஓவியர் ஜான் வுர்ட்மன், பரம்பரையாக ஒயின் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த கேலா பத்தாலிஷ்விலியுடன் சேர்ந்து 2007-ல் தொடங்கியது. ஈடில்லாத ஒயினைச் சுவைத்தால்தான் காட்டுக்கோழிக்கே ஆனந்தக் கண்ணீர் வரும் என்கிறது ஒரு ஜார்ஜிய நாட்டுப்புறக் கதை. பெயர் அதிலிருந்து வந்தது.

தரையில் வட்ட வட்டமாக...

மரானிக்குள் நுழைகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். பீப்பாய் இல்லை, இயந்திரம் இல்லை. தரையில் வட்ட வட்டமாகச் சில மூடிகள் மட்டும் தெரியும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே, கழுத்து வரை புதைந்து கிடக்கிறது ஒரு ராட்சதத் தாழி. அதற்குப் பெயர் 'க்வேவ்ரி'. முதுமக்கள் தாழியை அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதாக இருக்காது. அகன்ற வயிறு, கூரான அடி. ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவுக்குப் பெரியவையும் உண்டு.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை. 'ர்த்வேலி' என்ற இந்தப் பருவத்தில் உறவும் நட்பும் தோட்டத்துக்கு வந்துவிடும். குடைந்த மரத்தொட்டியில் திராட்சையைப் போட்டு மிதிப்பார்கள். சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் தாழிக்குள் போகும். ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. தோலில் இயற்கையாக இருக்கும் நுண்ணுயிரே சாற்றை நொதிக்க வைக்கும். தோல் மேலே மிதந்து திரளும்போதெல்லாம் நீண்ட கழியால் அமுக்கிக் கிளறிவிட வேண்டும். பகலிலும் இரவிலும் இது பல முறை நடக்கும்.

பொங்கி அடங்கியதும் தாழியை மூடி முத்திரையிடுவார்கள். அப்புறம் மண்தான் பார்த்துக்கொள்ளும். வெளியே பனி பெய்தாலும் வெயில் அடித்தாலும் நிலத்தடியில் குளிர்ச்சி அதிகம் மாறாது. விதைகள் கூரான அடியில் போய் ஒதுங்கிக்கொள்ளும். ஐந்தாறு மாதம் கழித்து, வசந்தத்தில் மூடியைத் திறப்பார்கள்.

அறுசுவையில் ஒன்று

ருசி பார்க்கும் மேஜையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வால்நட்டும் தயாராக இருக்கும். இங்கே யாரும் மடமடவென்று குடிப்பதில்லை. கிண்ணத்தின் தண்டைப் பிடித்து, வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறார்கள். மெல்லச் சுழற்றி முகர்கிறார்கள். ஒரு வாய், நாக்கு முழுதும் படும்படி வைத்திருந்து விழுங்கலாம், பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பியும் விடலாம். துப்புவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வித்தியாசம் புரிய வேண்டுமானால், 'ர்காட்சிதெலி' என்ற ஒரே திராட்சையில் செய்த இரண்டு ஒயின்களை அடுத்தடுத்து ருசிக்க வேண்டும். ஒன்று, தோலை நீக்கிவிட்டு எஃகுத் தொட்டியில் செய்தது. வெளிறிய வைக்கோல் நிறம், பச்சை ஆப்பிளின் புளிப்பு. இன்னொன்று தாழியிலிருந்து வந்தது. தோலோடும் காம்போடும் மாதக்கணக்கில் ஊறியதால் தேன் நிறம். காய்ந்த ஆரஞ்சுத் தோல், உலர்ந்த பழம், பால் சேர்க்காத கடுந்தேநீர் என்று வாசம் மாறிக்கொண்டே இருக்கும். விழுங்கிய பிறகு, பாக்கு மென்றதுபோல் ஈறில் ஒரு பிடிப்பு.

ஒயின் நிபுணர்கள் 'டானின்' என்று விளக்கும் இந்தப் பிடிப்புக்குத் தமிழில் தனி விளக்கமே தேவையில்லை. அறுசுவையில் ஒன்றான துவர்ப்புதான் அது! வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் ருசித்த நாக்குக்கு உடனே பிடிபடும். துவர்ப்பு மட்டும் தூக்கலாக இருந்தால் ஒயின் கரகரக்கும். புளிப்பும் பழச்சுவையும் அதைத் தாங்கிப் பிடித்தால்தான் நல்ல ஒயின். அந்தச் சமன், கிளறிய கையிலும் திறந்த நாளிலும் இருக்கிறது.

அடுத்து வருவது 'சாபெராவி'. பெயருக்குச் சாயம் ஏற்றுவது என்று அர்த்தம். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளில் தோலுக்கு மட்டும்தான் நிறம். இதில் சதையும் சிவப்பு. நாவல்பழம் தின்ற சிறுவனின் நாக்குபோல உதடெல்லாம் கறுத்துவிடும்.

தப்பிப் பிழைத்த தாழிகள்

இந்த ருசி தொலைந்து போயிருக்க வேண்டியது. ஜார்ஜியாவில் 500-க்கும் மேற்பட்ட திராட்சை வகைகள் உண்டு. சோவியத் ஆட்சியில் அரசு ஆலைகள் அளவைத்தான் பார்த்தன. அதிக விளைச்சல் தரும் சில வகைகளே தோட்டங்களை நிரப்பின. 1985-ல் கோர்பச்சேவ் கொண்டுவந்த மது ஒழிப்பு இயக்கத்தில் திராட்சைக் கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. அந்தக் காலம் முழுவதும் பழைய முறையைக் காப்பாற்றியவை, கிராமத்து வீடுகளின் கொல்லைப்புறத் தாழிகள்.

2006-ல் ஜார்ஜிய ஒயினுக்கு ரஷ்யா தடை விதித்தது. பெரும்பகுதி ஒயினை வாங்கிக்கொண்டிருந்த சந்தை ஒரே நாளில் மூடியது. 2013-ல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாங்குபவர்களைத் தேட வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது தரம். சிறு மரானிகளின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். தடை நீங்கிய அதே 2013-ல் க்வேவ்ரி முறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது.

ஆனாலும் கவலை தீரவில்லை. நாட்டின் மொத்த ஒயினில் தாழி ஒயின் மிகச் சிறிய பங்குதான். ஏற்றுமதியில் பெரும்பங்கு இன்றும் ரஷ்யாவுக்கே போகிறது. இதைவிடப் பெரிய கவலை, தாழி வனையும் கைகள். பெரிய க்வேவ்ரியைச் சக்கரத்தில் வனைய முடியாது. களிமண்ணைத் திரித்து, வளையம் வளையமாக, காயவிட்டுக் காயவிட்டு உயர்த்த வேண்டும். வாரக்கணக்கில் நடக்கும் வேலை. பிறகு நாள்கணக்கில் சூளை. சூடு ஆறும் முன் உள்ளே தேன்மெழுகு பூச வேண்டும். சூளையில் ஒரு கீறல் விழுந்தால் அத்தனையும் வீண். டெலாவி நகருக்கு அருகே வர்திசுபானி போன்ற சில கிராமங்களில், விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே இதைச் செய்கின்றன. அந்தப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டால், புதுத் தாழிக்கு வேறு வழி கிடையாது.

குடிக்காதவர்களுக்கும் விருந்து

ஒயின் தொடாதவர்கள் இங்கே வரத் தயங்க வேண்டியதில்லை. தந்தூரி அடுப்பைப் போன்ற 'தோனே'யில் சுட்ட நீள ரொட்டி, வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி நிறைத்த 'கச்சாபுரி' என்று சைவர்களுக்கும் மேஜை நிறையும். வால்நட்டை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்துத் தொங்கவிட்ட 'சுர்ச்கேலா' குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

விருந்தில் 'தமாதா' என்ற தலைவர் ஒருவர் இருப்பார். அவர் எழுந்து, அமைதிக்காக, மறைந்த முன்னோருக்காக, வந்த விருந்தினருக்காக என்று வாழ்த்துச் சொன்ன பிறகுதான் கிண்ணம் உதட்டுக்குப் போகும். 'காவுமார்ஜோஸ்!' என்று எல்லோரும் குரல் கொடுப்பார்கள். வெற்றி உண்டாகட்டும் என்று பொருள்.

அறுவடைக் காலத்தில் போனால் திராட்சை மிதிப்பதைப் பார்க்கலாம். வசந்தத்தில் போனால் தாழி திறப்பதைப் பார்க்கலாம். மது உடலுக்குக் கேடு என்பதில் மாற்றமில்லை. கார் ஓட்டுபவர் ருசி மேஜைக்குத் தள்ளியே இருக்கட்டும். திரும்பும்போது வாங்க நினைப்பவர்கள் சிறு மரானியில் வாங்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, அடுத்த தாழிக்கான களிமண்ணுக்குப் போய்ச் சேரும்.