களப்பணிக்கு வந்த பிள்ளைகள்

ஓய்வு பெற்ற பிறகு மீஞ்சூர் பக்கத்தில் ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, மோரும் சுண்டலும் உண்டு. வல்லூர் அனல்மின் நிலையம் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகப் பக்கம் இருக்கும் குடியிருப்பில் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை டியூஷன் நடத்துகிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் அங்கே களப்பணிக்கு வருவார்கள்.

நம் வயதுக்காரர்கள் பலர் இதைப் புதுப் படிப்பு என்று நினைக்கிறார்கள். 1936-லேயே பம்பாயில் டாட்டா பெயரில் இதற்கென்று கல்லூரி வந்துவிட்டது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட், அதற்கு முன் நாக்பாடாவில் ஏழைத் தொழிலாளர்கள் நடுவே சேவை மையம் நடத்தியவர். சென்னையில் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவும், உலகப்போர் காலத்தில் படைவீரர்களுக்காக ஓடி ஓடி உழைத்தவர். குரியன் 1979-ல் ஆனந்தில் தொடங்கிய கிராம மேலாண்மைக் கல்லூரியில் பிள்ளைகளைக் கிராமத்தில் கொண்டுபோய்த் தங்கவே வைத்துவிடுகிறார்கள். இவர்கள் எல்லாரும் முதலில் வேலையைச் செய்துவிட்டுப் பிறகு பாடம் வகுத்தவர்கள். அதனால்தான் களப்பணிக்கு இவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

நடைமுறையில் பாதிப் பேர் வருவார்கள், படம் எடுப்பார்கள், என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று மணி மின்சார ரயிலைப் பிடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு பெண் அப்படி இல்லை.

அப்போது எங்களுக்கு ஒரு சிக்கல். லாபம் ஈட்டும் பெரிய கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. டியூஷனுக்கு வந்ததும் அந்த வகைப் பணம்தான். கொடுத்த நிறுவனம் எண்பது சதவீத வருகை கேட்டது. எங்கள் பதிவேட்டில் அது தேறவில்லை. "விட்டுப்போன இடத்தில் பி போட்டுவிடலாம், யார் வந்து எண்ணப் போகிறார்கள்?" என்று மையத்தில் ஒருவர் சொன்னார். மூன்று மாத அறிக்கை எழுதும் வேலை அந்தப் பெண்ணிடம் போனது.

அவள் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் நாள்வாரியாகக் கட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். "சார், இதைப் பாருங்க. பதினைஞ்சு நாளுக்கு ஒரு தடவை நாலு நாள் சரியுது. அப்புறம் தானா ஏறிடுது. சோம்பேறித்தனம்னா இப்படி ஒழுங்கா வருமா?"

இத்தனை வருடம் கணக்கு பார்த்தவன் நான். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் குடியிருப்புக்குப் போனோம். வாசலில் வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி சிரித்துவிட்டார்.

"அன்னிக்கு சாயங்காலம் தண்ணி வத்தும் பாப்பா. நாங்க எறா தடவப் போவோம். சின்னத யார்கிட்ட வுடறது? பெரிசு கரையில வச்சிக்கினு உக்காந்திருக்கும்."

விஷயம் இதுதான். கடல் ஓதம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அதனால் அமாவாசை, பௌர்ணமி கழிந்த சில நாள்களில் வற்றும் நேரம் மாலையில் வந்து விழும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அதுதான் வேலை நேரம். அதைத் தவறவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. குடியிருப்பில் குழந்தைகூட அறிந்த இந்தக் கணக்கு, திட்ட அறிக்கை எழுதிய எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அறிக்கையில் அவள் உண்மை எண்ணையே போட்டாள்: அறுபத்தெட்டு சதவீதம். கட்டம் போட்ட தாளையும் இணைத்து, அந்த நாலு நாள் மட்டும் வகுப்பை இரவு ஏழரைக்கு மாற்றலாம் என்று எழுதினாள். அனுப்புவதற்கு முன் என்னைக் கேட்டாள். "பணம் போயிட்டா என் மேல கோவம் வருமா சார்?" "பணம் போகலாம்மா. பதிவேடு பொய்யானா அப்புறம் எந்த நாள் சரியுதுன்னே தெரியாது. அனுப்பு" என்றேன்.

நிறுவனத்திலிருந்து இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு இரண்டு ஆசிரியைகளில் ஒருவருக்கான தொகையை நிறுத்தினார்கள். அந்த ஆசிரியைக்கு அது கையிழப்புதான். பாதிச் சம்பளத்துக்கு வேறு இடம் பார்த்துப் போனார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முழுசாகாது. அந்தப் பெண் அன்றைக்கு அழுதாள். அவளுடைய களப்பணிக் குறிப்பேட்டில் அந்த வாரம் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

நேர மாற்றம் மட்டும் நின்றுவிட்டது. மீதியிருந்த ஆசிரியை கடைசி பஸ் போய்விடும் என்று முணுமுணுத்தார். எங்களில் ஒருவர் ஸ்கூட்டரில் மீஞ்சூர் ஸ்டேஷன் வரை கொண்டுவிடுவதென்று முடிவானது. இப்போது மையத்தின் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் எந்தெந்த நாளுக்குச் சிவப்பு வட்டம் என்று அந்த வலை தைத்த பெண்மணியின் மாமியார்தான் சொல்கிறார். இந்த வருடம் புதிதாக வந்த இரண்டு மாணவர்கள் முதல் நாளே காலண்டரைப் படம் எடுத்துக்கொண்டு, அது என்ன வட்டம் என்று அந்த ஆயாவிடம் கேட்கப் போயிருக்கிறார்கள்.