தின்னர் தொடக்கூடாத கூரை

ஸ்ப்ரே கன்னிலிருந்து சீறி வரும் பெயிண்ட் முழுவதும் வண்டியின் தகட்டில் போய் அமர்வதில்லை. உயர்ந்த காற்றழுத்தத்தில் இயங்கும் பழைய வகை கன்னில் பாதிக்கு மேற்பட்ட பெயிண்ட் நுண்துளிகளாகக் காற்றில் மிதந்து சென்று, பக்கத்தில் இருக்கும் கண்ணாடி, ரப்பர், டயர் என எட்டிய இடத்திலெல்லாம் படிகிறது. பட்டறைகளில் ‘டஸ்ட்’ என்றே சொல்லப்படும் இப்படிவு கண்ணாடியில் விழுந்தால் பிளேடால் சுரண்டிவிடலாம், பழைய பெயிண்டின் மேல் விழுந்தால் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துவிடலாம். கூரையில் ஒட்டியிருக்கும் ரெக்சினில் விழுந்துவிட்டால் இவ்விரண்டு வழியும் அடைபட்டுவிடுகின்றன.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட அண்ணனூர், புறநகர் மின்தொடர் வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனையால் அறியப்பட்ட ஊர். ஒருபுறம் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் மறுபுறம் 1960களில் விஜயந்தா டாங்கிகளைக் கட்டத் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் இருப்பதால், இப்பகுதியில் டிங்கரிங், பெயிண்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. தகரக் கொட்டகைப் பட்டறைகளுக்கு அன்றாடம் சோறு போடுவது பழைய கார்களல்ல, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குப் போகுமுன் மெருகேற்றிக்கொள்ள வரும் ஆட்டோக்களும் சிறு சரக்கு வண்டிகளுமே. எட்டு ஆண்டைக் கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் இச்சான்று தேவைப்படுவதால், ஆட்டோவின் ரெக்சின் கூரையைக் காப்பாற்றிக்கொண்டு கீழே மஞ்சள் அடிக்கும் பழக்கம் இங்குள்ள பெயிண்டர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தின் கடினமான வடிவமே வினைல் கூரை போட்ட பழைய காரில் காணப்படுவது.

வினைல் கூரை என்பது, இங்கு ரெக்சின் என்றே சொல்லப்படும் துணி முதுகுடைய பி.வி.சி. விரிப்பை இரும்புக் கூரையின் மேல் பசையிட்டு ஒட்டி, ஓரங்களைப் பீடிங் எனப்படும் உலோகப் பட்டியால் மூடுவது. மடக்கக்கூடிய துணிக்கூரை கொண்ட கார்களின் தோற்றத்தைச் சாதாரணக் காருக்குக் கொடுப்பதற்காக எழுந்த இந்த நாகரிகம் 1960களிலும் 70களிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியது. இங்கோ, அம்பாசடர், பத்மினி, 1984இல் வந்த கான்டசா ஆகியவற்றின் உரிமையாளர்கள் சீட் கவர் கடைகளில் சொல்லி ஒட்டிக்கொண்டவை பல. தகட்டோடு வெயிலில் கிடந்து காயும் ரெக்சினுக்கு ஆயுள் குறைவு. அதன் அடியில் நீர் புகுந்து தகடு துருப்பிடிப்பதும் உண்டு. அழகுக்காகச் செய்துகொண்ட இந்த ஏற்பாட்டைச் சென்னையின் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் பொருத்தமானது என்று சொல்வதற்கில்லை.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதை மடங்கவைப்பது உள்ளே கலந்திருக்கும் எண்ணெய் போன்ற இளக்கிப் பொருள். டொலுயீன், அசிட்டோன், எஸ்டர்கள் முதலியன கலந்த தின்னர் இந்த ரெக்சினில் பட்டால் மேற்பரப்பு ஊதிப் பிசுபிசுக்கிறது, இளக்கி வெளியேறுகிறது, காய்ந்தபின் அவ்விடம் விறைத்து, நாளடைவில் வெடிக்கிறது. தோலின் மடிப்புகளைப் போல அச்சிடப்பட்ட வரிகளும் மழுங்கிவிடுகின்றன. இன்னும் பழைய, பிரிட்டிஷ் காலத்து ரெக்சினின் நிலை இதைவிட மோசம்: அதன் பூச்சு நைட்ரோ செல்லுலோஸ், 1923இல் அமெரிக்கக் கார்களுக்கு வந்து, பின்னர் உலகெங்கும் டூகோ என்று பெயர்பெற்ற பெயிண்டின் மூலப்பொருளும் அதுவே. கறையும் கறைபட்டதும் ஒரே பொருளாக இருக்கையில், ஒன்றைக் கரைப்பது மற்றதையும் கரைத்துவிடும்.

ஆகவே முதலில் அறியவேண்டியது விழுந்த பெயிண்டின் வகை. கதவின் உள்விளிம்பில் தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் நிறம் துணிக்கு வந்துவிடுவது என்.சி., அதாவது நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்ட், வராதது பி.யு., அதாவது ஹார்ட்னர் சேர்ந்து வேதிவினையால் இறுகிப்போன பெயிண்ட். பி.யு. இறுகிய பிறகு எதிலும் எளிதில் கரையாது என்பதால், அதன் தூவலை ஓரிரு நாளுக்குள் எடுத்தால்தான் உண்டு.

வெள்ளை அடிக்கப்பட்ட கான்டசா ஒன்றின் கருப்புக் கூரையை நெருங்கிப் பார்க்கையில் தூவலின் போக்கு தெளிவாகத் தெரிகிறது. கூரையின் நடுப்பகுதி வரை பறந்து சென்ற துளிகள் வழியிலேயே பாதி காய்ந்துவிட்டமையால், மாவு தூவியதைப் போல மேலாக நிற்கின்றன. விரலால் தேய்த்தாலே கொஞ்சம் உதிர்கின்றன. மழைநீர் வடியும் விளிம்புப் பட்டியை ஒட்டிய நான்கு விரற்கடை அகலத்திலோ, ஈரமாகவே விழுந்த துளிகள் ரெக்சினின் வரிப்பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. “அண்ணே, துளியூண்டு தின்னர் வெச்சுத் தொடச்சிடட்டா?” என்று கேட்ட பையனுக்கு மேஸ்திரி தலையை நிமிர்த்தாமலே, “தின்னர் பட்டா ரெக்சின் செத்துடும்டா, பிரஷ்ஷ எடு” என்கிறார்.

சோப்புத் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் முதற்கட்டம். வரிகள் ஓடும் திசையிலேயே தேய்க்கிறார்கள். அடுத்து, கண்ணில் படாத மூலை ஒன்றில் பார்த்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த பனியன் துணியைக் கையகல இடத்தில் ஒற்றி, இளகிய துளிகளை உடனே உலர்ந்த துணியால் எடுத்துவிடுகிறார்கள்; ஊறவிடுவதில்லை. பள்ளத்தில் எஞ்சுவதைக் கூர்மழுங்கிய மூங்கில் குச்சியாலோ நகத்தாலோ ஒவ்வொன்றாகப் பெயர்க்கவேண்டும். வழவழப்பான தகட்டுக்கு உதவும் களிமண் கட்டி இங்கே பயன்படாது, அது வரிகளில் அப்பிக்கொண்டு தானே ஒரு கறையாகிவிடும். பளபளப்புக்காகப் பூசும் சிலிகான் பாலிஷையும் பெயிண்ட் வேலை எல்லாம் முடியும்வரை பட்டறைக்குள் திறக்கவிடாமல் வைத்திருப்பது மேஸ்திரிகளின் வழக்கம். தகட்டில் சிலிகான் பட்டால், அதன்மேல் அடிக்கும் பெயிண்ட் அங்கங்கே விலகி, மீன்கண் போன்ற குழிகளை விட்டுவிடும். இத்தனை கவனம் பெயிண்டுக்குக் கிடைக்கும் கொட்டகையில், பி.யு. ஹார்ட்னரின் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது என்று தெரிந்தும் மூக்கில் கைக்குட்டை கட்டி அடிப்பவர்கள் பலர். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது.

இவ்வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. பெயிண்டருக்கு ரெக்சின் தன் தொழிலல்ல. ரெக்சின் தைப்பவருக்குப் பெயிண்ட் தன் பிழையல்ல. இருவருக்கும் இடையே விழும் இப்பணி, கற்றுக்கொள்ள வந்த பையனின் அரைநாளில் போய் முடிகிறது. தூவலே விழாதிருக்க வேண்டுமானால் பீடிங்கைக் கழற்றி, ரெக்சினின் ஓரம்வரை மாஸ்கிங் டேப் ஒட்டி, கூரை முழுவதையும் தடித்த தாளால் மூடவேண்டும். பழைய பீடிங் கழற்றும்போது வளைந்துவிட்டால் மாற்றுப்பட்டி கிடைப்பது அரிது என்பதால், பலர் அதைக் கழற்றாமல் செய்தித்தாளைச் செருகிவிடுகிறார்கள். ஈரம் ஊறும் செய்தித்தாள் வழியே தூவல் இறங்கிவிடுகிறது. எவ்வளவு எடுத்தும் சாம்பல் பூத்தாற்போல் நிறம் மங்கி நிற்கும் கூரைக்கு, வினைலுக்கென்றே விற்கும் நெகிழ்வான கருப்புச் சாயத்தை மெல்லிய பூச்சாக அடிப்பதே மிச்சமுள்ள வழி. அதற்கும் மசியாவிட்டால், வண்டி ஜெனரல் பேட்டர்ஸ் சாலைச் சீட் கவர் கடைகளுக்குப் போகிறது. புது ரெக்சினுக்கான பணத்தை உரிமையாளர் கொடுப்பதா, பெயிண்ட் கூலியில் கழித்துக்கொள்வதா என்பது வண்டி கிளம்பும் முன் பட்டறை வாசலில் பேசி முடிக்கப்படுகிறது.