ஜோர்ஜ் சேரின் வேலை

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' பார்த்தேன். 2014இல் ஐரா சாக்ஸ் எடுத்த படம்.

பென்னும் ஜோர்ஜும் நியூயோர்க்கில் 39 வருடங்கள் ஒன்றாக வாழ்ந்த இரண்டு ஆண்கள். வயதான காலத்தில் கலியாணம் முடிக்கிறார்கள். ஜோர்ஜ் ஒரு கத்தோலிக்கப் பாடசாலையில் சங்கீத ஆசிரியர். அவர் யாரோடு வாழ்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த வரைக்கும் பிரச்சினையில்லை. கலியாணம் முடித்ததும் வேலை போய்விட்டது. வேலையை எடுத்த பாதிரியாரே சேர்ந்து ஜெபிப்போம் என்கிறார். நான் தனியாக ஜெபித்துக்கொள்கிறேன் என்கிறார் ஜோர்ஜ். அவர் ஈமானை விடவில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

சம்பளமில்லை, வீட்டை விற்கிறார்கள். பென்னுக்கு மருமகன் வீட்டில், பையனின் அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு. ஜோர்ஜுக்கு வேறொரு வீட்டில் சோபா. கலியாணத்தில் சந்தோசப்பட்ட சொந்தக்காரர்களும் நண்பர்களும்தான். அன்பு இருக்கிறது, இடம்தான் இல்லை. ஒரு மழை இரவில் ஜோர்ஜ் நனைந்துகொண்டு வந்து, வாசலிலேயே பென்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்.

மார்க்கத் தீர்ப்பு சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள், நான் அதற்கு வரவில்லை. பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு சேர் ஞாபகம் வந்தார். பல வருடம் ஒரே வீட்டில் இருந்த அவருடைய 'கூட்டாளி' மௌத்தானார். ஜனாஸாத் தொழுகையில் சேர் கடைசி ஸஃப்பில் நின்றார். முடிந்ததும் மையித்தின் சகோதரர்களுடைய கையைப் பிடித்து ஆறுதல் சொன்னோம். சேரின் கையை யாரும் பிடிக்கவில்லை.

நானும்தான்.