அணியம் பிசகிய கப்பல்

வைக்கிங் கப்பல் பார்க்கவென்று ஒஸ்லோவுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஏமாற்றம்தான். ஓசபெர்க், கொக்ஸ்டாட், டூனே என்ற மூன்று கப்பல்களும் பிக்டோய் தீபகற்பத்தில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை வைத்திருந்த அருங்காட்சியகத்தை 2022 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். பழைய கட்டடத்தோடு பெரிய கூடம் ஒன்றைச் சேர்த்து, 2027இல் வைக்கிங் கால அருங்காட்சியகமாகத் திறப்பது திட்டம். அதுவரை ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது எங்கள் வீடுகளில் சின்னதொரு பிரச்சினை. வெயில் என்றால் ஃபியோர்ட் இருக்கிறது, ஹொல்மென்கொல்லன் மலை இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால்?

நகரசபை மண்டபத்துக்குப் பக்கத்தில் 'தி வைக்கிங் பிளானெட்' இருக்கிறது. 2019இல் திறந்தது. முழுக்க டிஜிட்டல். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த வாளையோ வாய் உடைந்த சட்டியையோ எதிர்பார்த்து அங்கே போகக்கூடாது. திரை, ஒளி, ஒலி, தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடி, அவ்வளவுதான் சரக்கு. எனக்கு இந்த வகை இடங்களில் பெரிய நாட்டமில்லை. தங்கச்சியின் மகன்தான் இழுத்துக்கொண்டு போனான். இங்கேயே பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் வைக்கிங் பாடம் நடக்கிறது, லிண்டிஸ்ஃபான் மடாலயத்தைக் கொள்ளையடித்தது 793இல் என்று கேட்காமலேயே சொல்கிற வயது.

மெய்நிகர் கண்ணாடி மாட்டியவர்களை வெளியே நின்று பார்ப்பது தனிக் கூத்து. அங்கே காட்டுகிற படத்தின் பெயர் 'தி ஆம்புஷ்'. நாம் வைக்கிங் கப்பலில் இருக்கிறோம், பதுங்கியிருந்தவர்கள் பாய்கிறார்கள். எனக்கு முன்னால் கண்ணாடி மாட்டியிருந்தவர் நல்ல ஆகிருதியான மனிதர், விலையுயர்ந்த மழைக்கோட்டு. அவருடைய வாய் மெல்லத் திறந்தது. ஒரு கை எதையோ பற்றத் துழாவி, ஒன்றும் அகப்படாமல் தன் கோட்டையே பிடித்துக்கொண்டது. பிறகு சடாரென்று தலையைக் குனிந்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய அம்புக்குத் தலை குனிந்தவரைப் பார்த்துச் சிரித்த நான், என் முறை வந்தபோது என்ன செய்தேன் என்பதை மருமகனிடம்தான் கேட்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாமா, பயந்திட்டியளோ?"

பயம் ஒரு பக்கம். எனக்கு அங்கே உறைத்தது வேறொன்று: கப்பலின் விளிம்பு எவ்வளவு தாழ்வு என்பது. கொக்ஸ்டாட் கப்பலை பிக்டோயில் எத்தனையோ விருந்தாளிகளோடு போய்ப் பார்த்திருக்கிறேன். 23 மீட்டருக்கு மேல் நீளம், பக்கத்துக்கு 16 துடுப்புத் துளைகள், கருத்துப்போன ஓக் மரம். வெள்ளைச் சுவருக்கு நடுவே கீழிருந்து அண்ணாந்து பார்க்கையில் அது கோபுரம்போல நிற்கும். உள்ளே நிற்கிறவனுக்கோ கடல் கைக்கெட்டும் தூரத்தில். துளைகளுக்கு மரமூடி செய்து வைத்திருந்தது ஏன் என்பதும் அப்போது புரிகிறது. பாய் விரித்து ஓடும்போது மூடிகளை அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கூடத்தில் அந்த மூடிகளை நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன்.

1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, கொக்ஸ்டாட்டைப் பார்த்து அதே அளவில் ஒரு கப்பல் கட்டி, மக்னுஸ் ஆண்டர்சன் என்ற மாலுமி பேர்கனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தார். நியூஃபவுண்ட்லாந்து கண்ணில் பட 28 நாள். அலை எழும்போது கப்பலின் உடம்பும் அதோடு எழுந்து நெளிந்தது என்று அவர் எழுதிவைத்தார். ஒன்றன்மேலொன்று ஏறி நிற்கும் மெல்லிய பலகைகள், ஆணி, இடையில் கீல் தோய்த்த கம்பளி. அந்தக் கட்டுமானம் அலையோடு மோதாது, வளைந்து கொடுக்கும். நிற்கிற கப்பலில் இதைக் காட்ட முடியாது. அசைகிற படத்தால்தான் முடியும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நுழைவுச்சீட்டுக் காசு தகும் என்பேன்.

கொம்பு வைத்த தலைக்கவசம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்குள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் அது பொய்யென்று தெரியும். 1876இல் பாய்ரூத்தில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டெப்லர் மாட்டிவிட்ட கொம்பு அது. நோர்வேயில் ஓரளவு முழுதாகக் கிடைத்த வைக்கிங் கவசம், 1943இல் யெர்முண்ட்பூவில் எடுத்தது, மொட்டையாகத்தான் இருக்கிறது. நினைவுப்பொருள் கடைகளில் மட்டும் இன்னும் கொம்பு வளர்கிறது.

என் தயக்கம் வேறிடத்தில். மண்ணைத் தோண்டுகிறவர்கள் "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். படத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒருவரைத் திரையில் காட்டுவதென்றால் முகம் வேண்டும், முடிக்கு நிறம் வேண்டும், கையில் எதையாவது கொடுத்தாக வேண்டும்.

ஓசபெர்க் கப்பலை எடுத்துக்கொள்வோம். டொன்ஸ்பெர்குக்கு அருகே ஒரு பண்ணை மேட்டில் 1904இல் காப்ரியேல் குஸ்தாஃப்சன் தலைமையில் தோண்டியது. புதைகுழி அறைக்கான மரம் வெட்டியது 834இல் என்று மரவளையங்கள் சொல்கின்றன. உள்ளே இரண்டு பெண்களின் எலும்புகள். ஒருத்தி எழுபதைக் கடந்தவள், மற்றவளுக்கு ஐம்பதளவில். கூடவே சித்திரம் செதுக்கிய வண்டி, பனிச்சறுக்கு வண்டிகள், கட்டில், கிழக்கிலிருந்து வந்த பட்டுத்துணியின் கிழிசல்கள். நகைநட்டு ஒன்றும் இல்லை. பத்தாம் நூற்றாண்டிலேயே யாரோ மேட்டைக் குடைந்து இறங்கியிருக்கிறார்கள். வந்தவர்கள் தங்கள் மரமண்வெட்டிகளை விட்டுவிட்டுப் போனதால்தான் அந்தக் காலமும் கணக்கிட முடிந்தது.

மருமகன் கேட்டான், "மாமா, உந்த ரெண்டு பேரில ஆர் ராணி, ஆர் வேலைக்காரி?"

"தெரியாது."

"ஆருக்கும் தெரியாதோ?"

ஒருவருக்கும் தெரியாது. கிழவி ராணியாகவும் இளையவள் அவளோடு அனுப்பிய பணிப்பெண்ணாகவும் இருந்திருக்கலாம். மாறியும் இருக்கலாம். இருவருமே உயர்குடி என்றாலும் மறுக்க ஆதாரமில்லை. இளையவளின் காறை எலும்பு முறிந்திருந்ததைக் கண்டு, அவளைப் பலி கொடுத்ததற்கு அது சாட்சி என்று ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். பிறகு பார்த்தால் முறிவு கூடத் தொடங்கியிருக்கிறது. அதாவது எலும்பு முறிந்து சில வாரங்களாவது அவள் உயிரோடிருந்தாள். எழுத்தில் இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிறது. படமெடுக்கிறவர் என்ன செய்வார்? யாராவது ஒருத்திக்கு நல்ல சேலையும் (சரி, நல்ல கம்பளி மேலாடையும்) மற்றவளுக்குச் சாக்குத்துணியும் உடுத்தியாக வேண்டும். உடுத்திய கணமே வழக்குத் தீர்ந்தது. பார்க்கிற பிள்ளை அதற்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காது.

கொக்ஸ்டாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. போரில் வெட்டுப்பட்டு இறந்த ஒரு தலைவனை, 900ஆம் ஆண்டுவாக்கில், குதிரைகள், நாய்களோடு புதைத்திருக்கிறார்கள். அவற்றோடு இரண்டு மயில்கள். நம்முடைய மயில்தான். எந்தச் சந்தையில் யார் கைமாறி அந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்ததோ. அவன் அதை ஆசைக்கு வளர்த்தானா, அன்பளிப்பாக வந்ததா, விருந்துக்கு வாங்கியதா? எடுத்தது எலும்பு மட்டும். ஆனால் எந்த இயக்குநர் கையில் கொடுத்தாலும் அந்த மயில் கட்டாயம் தோகை விரிக்கும்.

இந்த இடத்தில் மெய்யான பொருளே மேல், திரை வெறும் பூச்சு என்று முடித்துவிடலாம். அப்படித்தான் நானும் பல வருடம் பேசி வந்தேன். ஓசபெர்க் கப்பலின் பிற்காலக் கதை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கப்பல் முழுதாக வெளியே வரவில்லை. மேட்டின் கனத்தில் நசுங்கி, ஆயிரக்கணக்கான துண்டுகளாகத்தான் கிடைத்தது. மரத்தை ஆவியில் வேகவைத்து இளக்கி, வளைத்து, துண்டுதுண்டாகப் பொருத்தினார்கள். மரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அசல். அற்புதமான வேலை, சந்தேகமில்லை. அதை அச்சாக வைத்து 1987இல் 'ட்ரொனிங்கன்' என்று ஒரு நகல் கட்டினார்கள். அடுத்த வருடமே அது பாய் விரித்து ஓடுகையில் மூழ்கிவிட்டது. ஓசபெர்க் கப்பல் கடலுக்கே போகாத சடங்குப் படகு, பணக்காரப் பெண்மணியின் உல்லாசத் தோணி என்றெல்லாம் ஏற்கெனவே சொல்லி வந்தவர்களுக்கு இது வசதியாகிவிட்டது.

இந்த நூற்றாண்டில்தான் லேசர் கொண்டு கப்பலின் ஒவ்வொரு துண்டையும் அளந்தார்கள். அந்த அளவுகளை வைத்து, டென்மார்க்கில் ரொஸ்கில்ட வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தின் விபெக்க பிஷொஃப் பலகைகளைச் சிறிய மாதிரியில் புதிதாகப் பொருத்திப் பார்த்தார். துண்டுகள் ஒன்றோடொன்று இயல்பாகச் சேர்ந்தபோது வேறொரு வடிவம் வந்தது. அணியம், அதாவது கப்பலின் முன்புறம், தண்ணீருக்குக் கீழே இன்னும் அகலமாக இருந்திருக்க வேண்டும். நூறு வருடத்துக்கு முன் பொருத்தியவர்கள் நசுங்கிச் சிதைந்த மரத்தின் போக்கிலேயே போய் அதை ஒடுக்கிவிட்டார்கள். திருத்திய வடிவத்தில் கட்டிய 'சாகா ஓசபெர்க்' 2012இல் டொன்ஸ்பெர்கில் இறங்கியது. நன்றாக ஓடுகிறது, மூழ்கவில்லை.

ஆக, பிக்டோய்க் கூடத்தில் நின்று "இதுதான் அசல்" என்று நான் விருந்தாளிகளுக்குக் காட்டிய கப்பலிலும் ஊகம் கலந்திருந்தது. திரையைக் குறை சொல்கிறேன், மரத்தின் முன் கைகட்டி நிற்கிறேன். மரம் கறுத்து, கனத்து, அசையாமல் நின்றதால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வடிவம் பிழையென்று கண்டுபிடிக்க உதவியது கணினிக்குள் கிடந்த புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளின் அருமை இன்னொரு காரணத்தாலும் கூடிவிட்டது. ஓசபெர்க் புதையலில் இருந்த நொய்ந்த மரச்சாமான்களைக் காப்பாற்ற அந்நாளில் படிகாரக் கரைசலில் போட்டுச் சூடாக்கினார்கள். அப்போதைக்கு நல்ல யோசனை. காலப்போக்கில் அதிலிருந்து அமிலம் உண்டாகி மரத்தை உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கிறது. கப்பலுக்கு அந்த வைத்தியம் நடக்கவில்லை, தப்பியது. சித்திரவேலைப் பனிச்சறுக்கு வண்டிகள் அகப்பட்டுக்கொண்டன. மேலே பார்த்தால் செதுக்கிய விலங்குகள் ஒன்றையொன்று கவ்விப் பின்னிக்கொண்டு அழகாக இருக்கும்; உள்ளே மரம் பொடி. அளந்து பதிந்து வைக்காமல் விட்டால் நாளைக்குப் பார்க்க அதுவும் மிஞ்சாது.

எனவே எனக்குப் பட்டது இது. டிஜிட்டல் நன்றாக வேலை செய்வது அளக்கும்போதும் பொருத்திப் பார்க்கும்போதும். "இப்படியிருந்தால் என்ன ஆகும், அப்படியிருந்தால் என்ன ஆகும்" என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க அதைப்போல ஒன்றில்லை. பார்வையாளர் முன்னால் வரும்போது மட்டும் அந்தக் குணத்தை ஏனோ கழற்றி வைத்துவிடுகிறது. ஒரே ஒரு பதில், அதுவும் இசை போட்டு. ராணி யார் என்பதற்கு மூன்று படத்தையும் காட்டி, நீயே யோசி என்று பிள்ளையிடம் விட்டால் என்ன குறைந்துவிடும்? தொடுதிரை என்று ஒன்றை வைத்திருப்பதே அதற்குத்தானே.

திரும்பும் வழியில் ட்ராமில் இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ராணி விவகாரத்தில் அவனுக்கு அக்கறை போய்விட்டது. கப்பல் மூழ்கிய இடத்தில்தான் நின்றான்.

"புதுசு திறக்கேக்க முன்பக்கம் பிழை எண்டு எழுதி வைப்பினமோ?"

"வைக்கத்தான் வேணும்."

"கழட்டித் திரும்பப் பூட்டேலாதோ?"

முடியாது என்றேன். அந்த மரம் இன்னொரு தரம் அசைத்துப் பார்க்கத் தாங்காது. ஒடுங்கிய அணியத்தோடுதான் அது இனி எப்போதும் இருக்கப் போகிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரியாகக் கட்டியது எங்கே நிற்கிறது என்று கேட்டான். டொன்ஸ்பெர்க் துறைமுகத்தில் என்றேன். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அவன் கைபேசியை எடுத்து ரயில் நேரம் பார்க்கத் தொடங்கினான். கோடை வரட்டும், தாயிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.