குழியைப் பார்த்து வைத்தியம்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி குமரனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது கொஞ்சம் தேவலை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் எடுத்து வைத்து இரண்டு தடவை படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

லேசர் சிட்டிங் முடிந்தும் பருக்குழிகள் அப்படியே இருக்கின்றன, கன்னம் முன்னைவிடக் கறுத்திருக்கிறது, அடுத்த பேக்கேஜுக்கு முன்பணம் கேட்கிறார்கள், தை மாதம் கல்யாணம் என்றெல்லாம் சொல்லியிருக்கிறாய். "லேசருக்கே கேட்கவில்லை என்றால் இனி எதற்கும் கேட்காது" என்றும் எழுதியிருக்கிறாய். தோல் பிரிவில் டாக்டர்களுக்குப் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கிறவள் சொல்கிறேன்: லேசருக்கு மேலே ஒன்றும் இல்லை என்பது உண்மையல்ல. பருக்குழி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. எந்தக் குழிக்கு எந்தக் கருவி என்று பார்க்காமல் முகம் முழுவதற்கும் ஒரே மெஷினை ஓட்டினால் பாதிக் குழிகள் அசைந்துகூடக் கொடுக்காது.

முதலில் கறுப்பையும் குழியையும் பிரித்துப் பார். பரு ஆறிய இடத்தில் தட்டையாக இருக்கும் கறுப்புத் தடம் தழும்பே இல்லை. அது வெறும் நிறமி. வெயில் படாமல் காத்து, டாக்டர் தரும் கிரீமைப் போட்டால் சில மாதங்களில் மங்கிவிடும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறமிச் செல்கள் சுறுசுறுப்பானவை. சூடு, காயம், உரசல் எது பட்டாலும் கறுப்பைக் கொட்டும். லேசருக்குப் பிறகு உன் கன்னம் கறுத்ததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதே. அதன் மேல் உடனே இன்னொரு சிட்டிங் போடவும் விடாதே.

குழி அப்படித் தானாக மங்காது. பரு ஆழமாக வீங்கிச் சீழ் வைத்தபோது தோலின் நடு அடுக்கில் இருந்த கொலாஜன் அழிந்துபோய், மேல் தோல் உள்ளே இறங்கிவிட்டது. கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி முகத்தைத் திருப்பிப் பார். பிறகு இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடி. இழுத்தால் சமமாகிவிடும் பள்ளம் ஒரு வகை, இழுத்தாலும் அசையாமல் நிற்பது வேறு வகை. டாக்டர்கள் இவற்றை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஊசியால் குத்தியது மாதிரி, 2 மில்லிமீட்டருக்கும் குறுகலாக, ஆழமாக இறங்குவது ஒன்று. அம்மைத் தழும்பு போல விளிம்பு செங்குத்தாக வெட்டி இறங்கியது இரண்டாவது. 4, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, அலை அலையாகத் தெரிவது மூன்றாவது. உன் போட்டோவில் கன்னத்தில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை, மூக்கோரத்தில் இருப்பது முதல் வகை என்று எனக்குப் படுகிறது. டாக்டர் நேரில் தொட்டுப் பார்த்துச் சொல்வதுதான் முடிவு.

கன்னத்து அலைக்குழியிலிருந்து தொடங்குகிறேன். மெத்தையில் நூல் போட்டு இழுத்துத் தைத்த இடம் பள்ளமாகிறதே, அதே மாதிரி தோலுக்கு அடியில் நார்கள் மேல் தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் அந்த நார் அறுபடாது. அதற்குத்தான் சப்சிஷன். 1995இல் அமெரிக்காவில் ஓரன்ட்ரைக் என்ற தோல் மருத்துவர்கள் இருவர் எழுதி வைத்த முறை. மரப்பு ஊசி போட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒரு ஊசியையோ மழுங்கிய முனையுள்ள கேனுலாவையோ நுழைத்து, விசிறி மாதிரி அசைத்து நாரை அறுப்பார்கள். அறுபடும்போது 'நறநற' என்று கேட்கும். வலி அதிகம் இருக்காது. உள்ளே கட்டும் ரத்தமே கொஞ்ச நாள் தோலைத் தூக்கிப் பிடிக்க, அந்த இடத்தில் புதுக் கொலாஜன் வளரும். ஒரு வாரம், இரண்டு வாரம் முகம் கன்றிப்போய் ஊதா நிறமாக இருக்கும். சிலருக்குச் சின்னக் கட்டி தங்கி, மெதுவாகக் கரையும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூக்கோரத்து ஊசிக்குழிக்கு வேறு வழி. அதன் அடி அவ்வளவு ஆழத்தில் இருப்பதால் லேசர் அங்கே சரியாகப் போய்ச் சேராது. கொரிய மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட 'டி.சி.ஏ. கிராஸ்' என்ற முறை இதற்கென்றே வந்தது. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை 65 முதல் 100 சதவீதம் வரை அடர்த்தியாக எடுத்து, கூராக்கிய பல்குச்சி முனையில் தொட்டு, குழிக்குள் மட்டும் அழுத்தி வைப்பார்கள். சில நொடிகளில் அந்தப் புள்ளி வெள்ளையாகும். பிறகு பொருக்கு கட்டி ஒரு வாரத்தில் உதிரும். அடியிலிருந்து கொலாஜன் வளர்ந்து குழியை மேலே தூக்கும். நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பல முறை செய்ய வேண்டிவரும். குச்சி கொஞ்சம் நகர்ந்து விளிம்பில் பட்டால் குழி இன்னும் அகலமாகிவிடும், கறுக்கவும் செய்யும். அதனால் பழகின கைதான் இதைச் செய்ய வேண்டும். இந்த அமிலம் ஆன்லைனில் கிடைக்கிறது என்று உன் ரூம்காரன் சொன்னால் காதில் வாங்காதே.

அமிலத்துக்கும் மசியாத குழி சில இருக்கும். விளிம்பு வெட்டினாற்போல இருக்கும் ஆழக் குழிகளுக்கு 'பஞ்ச்' என்ற சின்ன வட்டக் கத்தி இருக்கிறது. அதைக் கொண்டு குழியை அப்படியே எடுத்துவிட்டு ஒரு தையல் போடலாம். குழியின் அடித்தோல் நன்றாக இருந்தால், சுற்றி வெட்டி அதை மட்டும் மேலே உயர்த்தியும் வைக்கலாம். தையலை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள். பள்ளம் போய் மெல்லிய கோடு நிற்கும். பத்து இருபது குழி இருப்பவனுக்குச் சரி, முகம் பூரா இருப்பவனுக்கு இது ஆகாது.

மைக்ரோநீட்லிங் பற்றி நீயே கேட்டிருந்தாய். மரப்பு கிரீம் தடவி, ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை நுண்ணூசிகளை இறக்குவார்கள். தோல் அதைக் காயம் என்று நினைத்துப் புதுக் கொலாஜன் நெய்யும். இரண்டு மூன்று நாள் சிவந்திருக்கும், அவ்வளவுதான். மேல் தோல் சுடுபடுவதில்லை. அதனால் நம் நிறத்துக்குக் கறுக்கும் பயம் குறைவு. ஆழமில்லாத குழிகளுக்கு நன்றாகவும், ஊசிக்குழிக்குச் சுமாராகவும் கேட்கும். மாதம் ஒன்றாக மூன்று முதல் ஆறு சிட்டிங் வரை ஆகும். கடைசி சிட்டிங்குக்குப் பிறகும் மூன்று, நாலு மாதம் தோல் வேலை செய்துகொண்டே இருக்கும். உன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதன் மேல்நீரைத் தடவுகிறார்களே பி.ஆர்.பி., அதைச் சேர்த்தால் பலன் கொஞ்சம் கூடுகிறது என்கிறார்கள். ஆனால் ஊசியில்லாமல் அது மட்டும் குழியை நிரப்பாது. ஊசி முனையில் ரேடியோ அலைச் சூடு தரும் மெஷினும் உண்டு. சூடு உள்ளே மட்டும் பாய்வதால் மேல் தோல் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் தெரியாதவர் கையில் அதுவும் சுட்டுவிடும்.

வீட்டில் உருட்டும் டெர்மா ரோலரை விட்டுவிடு. குட்டை ஊசியானால் குழியின் அடியைத் தொடாது. நீள ஊசியானால் வீட்டில் செய்யக்கூடாத வேலை. பரு இருக்கும் முகத்தில் உருட்டினால் கிருமியைத்தான் பரப்புவாய்.

இழுத்தால் சமமாகும் பள்ளங்களை ஹையலூரானிக் அமில ஃபில்லர் ஊசி உடனே எழுப்பும். விலை அதிகம்; ஏறத்தாழ ஒரு வருடத்தில் கரைந்தும்விடும். பீலிங் என்று அழகு நிலையங்களில் செய்கிறார்களே, கிளைகாலிக், சாலிசிலிக் அமிலப் பூச்சு, அது கறுப்புக்கு உதவும். ஆழக் குழிக்கு உதவாது.

இத்தனையும் எழுதியது நீ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்காக இல்லை. உன் மாதிரி முகத்துக்குக் கலந்துதான் செய்வார்கள். முதலில் சப்சிஷன் செய்து நாரை விடுவிப்பார்கள், பிறகு ஊசிக்குழிக்கு அமிலம், கடைசியில் எல்லாவற்றையும் சமப்படுத்த மைக்ரோநீட்லிங். தேவைப்பட்டால் லேசர்கூட அந்த வரிசையில் தன் இடத்தில் வரும். அதன் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. அது ஒன்றே போதும் என்று விற்பதில்தான் விரோதம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் உன் பரு அடங்க வேண்டும். தாடையில் இன்னும் புதிதாக வருவது போட்டோவிலேயே தெரிகிறது. புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது பழைய குழியை நிரப்புவது வீண் செலவு. இரவில் முகத்தில் போடும் அடாபலீன் மருந்து பருவையும் அடக்கும், மாதக்கணக்கில் போட்டால் குழியையும் ஓரளவு மென்மையாக்கும். முதல் சில வாரம் தோல் காய்ந்து உரியும், விட்டுவிடாதே. காலையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடு. பைக்கில் அலைகிறவன் நீ, மதியம் இன்னொரு தடவையும் போடு. பருவைக் கிள்ளாதே.

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல். நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகுதான் எதையும் தொடலாம் என்பது பழைய கணக்கு. மைக்ரோநீட்லிங், மேலோட்டமான பீலிங் போன்றவற்றுக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை என்று தோல் மருத்துவர்கள் 2017இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். தோலை மெஷினால் ராவி எடுக்கும் டெர்மாப்ரேஷனுக்கு இன்னும் எச்சரிக்கை உண்டு. அப்பாவுக்கு ஆபரேஷன் தழும்பு புடைத்து வளர்ந்ததையும் மறக்காமல் சொல். அந்தக் கீலாய்ட் வாகு உனக்கும் இருந்தால் வெட்டு, குத்து வேலையெல்லாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கிப் பூசுகிற 'வெள்ளையாக்கும்' ஆயின்மென்ட் எதுவாக இருந்தாலும் ட்யூபைத் திருப்பிப் படி. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது, ஆனாலும் கொடுக்கிறார்கள். பூசினால் முதலில் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, பரு பல மடங்காகத் திரும்பும்.

முழுக்கப் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. பாதிக்கு மேல் குறைந்தால் அதுவே நல்ல பலன். ஒரே வெளிச்சத்தில், ஒரே பக்கத்திலிருந்து மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள். தினமும் கண்ணாடியைப் பார்த்து மனதை உடைத்துக்கொள்ளாதே. கல்யாணத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று அவசரப்படவும் வேண்டாம். தையை வைத்துக்கொண்டு மார்கழியில் சப்சிஷன் செய்தால் மண்டபத்தில் கன்றின முகத்தோடுதான் நிற்பாய். அதுவரை பருவையும் கறுப்பையும் அடக்கினாலே முகம் பாதி தெளிந்துவிடும். குழி வேலையைக் கல்யாணத்துக்குப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். பெண் உன்னை நேரில் பார்த்துப் பேசித்தான் சம்மதம் சொல்லியிருக்கிறாள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த பேக்கேஜுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதே. அங்கே உன்னைப் பார்த்தவர் எம்.டி. டி.வி.எல். படித்த தோல் மருத்துவரா, அவருடைய மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேள். எந்த மெஷினை, எந்த அளவில் வைத்து அடித்தார்கள் என்று எழுதி வாங்கு. குழிச் சிகிச்சையின் செலவை அழகுச் சிகிச்சை என்று சொல்லி இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது. அதனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. அடுத்த மாதம் ஒரு வாரநாளில் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வா. காலையில் ஓ.பி. சீட்டு போட்டு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். போட்ட மருந்துகளின் சீட்டுகளை எல்லாம் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் அக்கா.