அலை ஒதுங்கிய ஆதிபுரி

சென்னையின் வடகோடியில் வங்கக் கடலை ஒட்டி அமைந்த தொன்மையான ஊர் திருவொற்றியூர். படைப்புக்கு முன் சூழ்ந்திருந்த பிரளய வெள்ளத்தை ஈசன் ஒற்றி விலகச் செய்த இடமாதலால் ஒற்றியூர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். ஆதிபுரி என்பதும் இதன் பெயரே.

மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். ஆண்டு முழுவதும் கவசம் சாத்தப்பட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டும் கவசம் களையப்பட்டு, புனுகுச் சாம்பிராணித் தைலக் காப்புடன் ஐயன் காட்சி தருகிறார். அம்பிகை வடிவுடையம்மன். தியாகராசப் பெருமானும் இங்கு எழுந்தருளியிருக்கிறார்.

கருங்கல்லால் அமைந்த தூங்கானைமாட விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. கோயிலில் பாணினியின் இலக்கணம் கற்பிக்கத் தனி மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. வழிபாடும் கல்வியும் ஊர் நிருவாகமும் அன்று ஒரே மதிலுக்குள் நடைபெற்றன.

செக்கார் குலத்தில் தோன்றிய கலிய நாயனார் விளக்கேற்றித் தொண்டு செய்ததும், சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும் இவ்வூரில்தான். “பிரியேன்” என மகிழ மரத்தடியில் சபதம் செய்த சுந்தரர், ஆரூர் நினைவு மேலிட எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி இழந்தார். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக அந்தச் சபதம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. பட்டினத்தார் ஒடுங்கிய இடமும் கடற்கரையை அடுத்தே உள்ளது. வள்ளலார் சென்னையிலிருந்து இங்கு வந்து வழிபட்டு வடிவுடை மாணிக்க மாலை பாடினார்.

இருபதாம் நூற்றாண்டில் ஊரின் முகம் மாறியது. தீப்பெட்டித் தொழிற்சாலையும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் பல்லாயிரம் குடும்பங்களை இங்கு குடியமர்த்தின. விம்கோ நகர் என்னும் பெயர் தீப்பெட்டி ஆலையின் நினைவே. தனி நகராட்சியாக விளங்கிய திருவொற்றியூர், 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு முதலாம் மண்டலமாயிற்று. 2021ஆம் ஆண்டு மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. நடக்க இயலாத முதியோருக்கும் இன்று தலப்பயணம் எளிதாயிற்று. ‘தேரடி’ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் அமைந்துள்ளது.

ஆயினும் இவ்வூருக்கு ஒரு கவலை உண்டு. இக்கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு எழுப்பப்பட்ட சுவர்கள் அந்த ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது. வடக்கே கரை தேய்ந்தது. மீனவர் குடியிருப்புகள் பல அலைக்கு இரையாயின. இன்று கரை நெடுகிலும் பாறைகள் கொட்டப்பட்டு, தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டுள்ளன. அலையின் வேகம் ஓரளவு தணிந்தபோதிலும், கட்டுமரம் ஏற்றி வலை உலர்த்த இடமிருந்த பழைய மணற்கரை குறுகிவிட்டது.

வெள்ளத்தை விலக்கிய பெருமான் வீற்றிருக்கும் ஊரில், கடலை எதிர்கொள்ளும் பொறுப்பு இப்போது மனிதரைச் சேர்ந்தது. ஆதிபுரீசனைத் தரிசிக்க வரும் அன்பர்கள் கடற்கரைக்கும் ஒருமுறை சென்று வருதல் நன்று. கரையோர மக்களின் வாழ்வு நிலைபெற வடிவுடையாளிடம் வேண்டிக்கொள்வதும் தல வழிபாட்டின் ஓர் அங்கமேயாகும்.